விமானங்களைக் கழற்றும் ஊர்

லண்டன் பட்டிங்டன் நிலையத்தில் மேற்கே போகும் ரயில் ஏறினால், சுவிண்டனைத் தாண்டியதும் கெம்பிள் என்றொரு சின்ன நிலையம் வரும். கல்வீடுகளும் புல்வெளிகளும் செம்மறிகளுமாகக் கிடக்கிற கிளொஸ்டஷயர்க் கிராமம். தேம்ஸ் நதி தொடங்குவது இதற்கு அருகில்தான். ஒரு மரத்தடியில் கல் நட்டு, நதி இங்கே பிறக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் பல மாதங்களுக்கு அந்த இடத்தில் தண்ணீரே இராது. நான் போனபோதும் காய்ந்துதான் கிடந்தது. லண்டனில் அத்தனை பாலங்களுக்குக் கீழே அகன்று ஓடுகிற ஆறு இதுதானா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஆனால் நாங்கள் வந்தது ஆற்றைப் பார்க்க அல்ல. அந்தக் கல்லிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு விமானத் தளம் இருக்கிறது. உலகத்தைப் பலமுறை சுற்றிவந்த பெரிய பயணிகள் விமானங்கள் கடைசித் தடவையாக அங்கே வந்து இறங்குகின்றன.

கூட வந்தவன் என் அக்காவின் மகன். சின்ன வயதில் யாழ்ப்பாணத்து அரியாலையை விட்டுப் போனவன், இப்போது ஹீத்ரோவில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். "மாமா, இஞ்சை வாற எல்லாரும் பிளேன் ஏறுற இடத்தையும் இறங்கிற இடத்தையும்தான் பாக்கினம். நீங்கள் ஒருக்கா அது முடியிற இடத்தையும் பாருங்கோ" என்று அவன்தான் கூட்டிவந்தான்.

அரியாலையில் என் வயதுக்காரருக்கு விமானம் முதலில் ஒரு சத்தம். போர்க் காலத்தில் காதை வைத்தே எது பொம்மர், எது ஹெலி, எது பலாலிப் படைத்தளத்துக்குச் சாமான் கொண்டுபோவது என்று பிரித்துச் சொல்லுவோம். கண்டி வீதியில் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்திருக்கிறோம். ஆனால் அதே வானத்தில் அதற்கு முந்திய வரலாறு ஒன்றும் உண்டு. எயார் சிலோன் தன் முதலாவது சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியபோது, அந்த டக்கோட்டா இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, எங்கள் காங்கேசன்துறைத் தளத்தில் இறங்கித்தான் மதராசுக்குப் போனது. பிறகு அவ்ரோ வந்தது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே உத்தியோகத்தரையும் வியாபாரிகளையும் ஏற்றி இறக்கியது. எண்பதுகளில் அந்த அவ்ரோ வகை விமானங்களையே விமானப்படை குண்டு போடவும் பாவித்தது. ஆட்களை ஏற்றுவதற்கென்று வடிவமைத்த ஒரு இயந்திரம் எங்கள் தலைக்குமேல் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, ஒரு விமானம் முதல் வேலையை முடித்த பிறகு என்ன ஆகிறது என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது.

கெம்பிள் தளத்தை 1938இல் பிரித்தானிய விமானப்படைக்காகத் திறந்தார்கள். வானில் வண்ணப்புகை விட்டுச் சாகசம் காட்டும் 'றெட் அரோஸ்' அணி 1983 வரை இங்கேதான் இருந்தது. இன்றைக்கு அதன் பெயர் கொட்ஸ்வோல்ட் விமான நிலையம். பயணச்சீட்டு வாங்கி இங்கிருந்து எங்கேயும் போக முடியாது. சின்னஞ்சிறு விமானங்கள் ஏறி இறங்குகின்றன. ஓடுபாதையோரம் ஓர் உணவகம் இருக்கிறது. பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் யன்னலோரம் இருந்து தேநீர் குடிக்கிறார்கள். அந்த யன்னலுக்கு வெளியே, புல்லுக்கு அப்பால், வெள்ளை வெள்ளையாக அவை நிற்கின்றன.

முதலில் என் கண்ணில் பட்டது அவற்றின் பெயரின்மை. வாலில் இருந்த சின்னத்தையும் உடம்பில் இருந்த நிறுவனப் பெயரையும் வெள்ளைப் பூச்சால் மறைத்திருந்தார்கள். பிரித்துப்போட்ட விமானத்தின் படத்தில் தன் பெயர் தெரிவதை எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. சிலவற்றுக்கு எஞ்சின் இல்லை, இறக்கைக்குக் கீழே வெறும் தாங்கி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றின் மூக்குக்குக் கீழே கனமான கொங்கிரீட் கட்டைகளைக் கட்டியிருந்தார்கள். எஞ்சின்களைக் கழற்றினால் முன்பாரம் குறைந்து விமானம் பின்பக்கமாகக் குந்திவிடும், அதற்காகத்தான் என்றான் மருமகன்.

இந்தத் தளத்தில் விமானம் பிரிக்கும் தொழிலைப் பல வருடங்களாகச் செய்துவருவது 'எயார் சால்வேஜ் இன்டர்நாஷனல்' என்ற நிறுவனம். வருடத்துக்குப் பல பத்து விமானங்கள் அவர்கள் கையால் போகின்றன. இந்தத் தொழிலில் ஊறிய ஒருவர் மருமகனுக்குப் பழக்கம். அவர் தந்த மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அவர் காட்டிய கோட்டைத் தாண்டாமல் நின்று பார்த்தோம்.

கிழண்டுபோனதால்தான் விமானங்களை இங்கே கொண்டுவருகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அவர் தலையாட்டி மறுத்தார். நேற்று வந்து இறங்கிய விமானம் இன்றைக்கும் பறக்கும், தன் சொந்த எஞ்சினில்தானே வந்தது என்றார். முடிவெடுப்பது கணக்குப் புத்தகம். ஆறு தொடக்கம் பன்னிரண்டு வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய விமானத்தை ஏறக்குறைய முழுவதும் திறந்து சோதிக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கும் கோடிக்கணக்கும் ஆகும். அந்தச் சோதனை நெருங்கும்போது, புதிய விமானம் குடிக்கும் எரிபொருளையும் பழையது குடிக்கும் எரிபொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அநேகமாக 25 வயதை ஒட்டி விதி தீர்ந்துவிடுகிறது.

வயதைக் காட்டிலும் எண்ணிக்கை முக்கியம். ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் உள்ளே அடைத்த காற்று உடம்பை ஊதச் செய்கிறது, இறங்கும்போது அது சுருங்குகிறது. நெளிந்து நெளிந்து ஒரு கம்பி முறிவதுபோல உலோகத்துக்கும் களைப்பு வரும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேலே அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை வானிலேயே பிய்ந்து போனது. தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த அந்த விமானம் 89,000 தடவைக்கு மேல் பறந்திருந்தது. கூரை போன பிறகும் விமானிகள் அதைப் பத்திரமாக இறக்கினார்கள். ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அந்த நாளுக்குப் பிறகுதான் முதிய விமானங்களைச் சோதிக்கும் விதிகள் உலகெங்கும் இறுகின.

பிரிக்கிற வேலை பொறுமையாகத் தொடங்குகிறது. முதலில் வடிப்பார்கள்: மிஞ்சிய எரிபொருள், எண்ணெய்கள், கழிப்பறைத் தொட்டி. பிறகு ஆபத்தானவற்றை அகற்றுவார்கள். அவசர வழுக்குப் பாய்களை ஊதும் வாயுக் குப்பிகள், ஒட்சிசன் கருவிகள், தீயணைப்பான்கள். தொடக்ககால 747கள் சிலவற்றின் வாலில் சமநிலைக்காக யுரேனியக் கட்டிகள்கூட இருந்தன. கதிர்வீச்சு மிகக் குறைந்த, அணு உலைக்குத் தேவையில்லாமல் ஒதுக்கிய யுரேனியம். இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது என்பதற்காக வைத்தார்கள். அத்தனை பேர் யன்னலோரம் இருந்து முகில் பார்த்துக்கொண்டு போன விமானத்தின் வாலில் யுரேனியம்!

அதன்பின் எஞ்சின். பழைய விமானம் ஒன்றின் பெறுமதியில் பெரும்பங்கு அதன் எஞ்சின்களில்தான் இருக்கிறது. கழற்றிச் சில கிழமைகளிலேயே இன்னொரு நாட்டில், இன்னொரு இறக்கையின் கீழ் அது சுழலக்கூடும். பிறகு சில்லுக்கால்கள், வாலில் இருந்து மின்சாரம் தரும் சின்ன எஞ்சின், விமானி அறைக் கருவிகள், இறக்கையை அசைக்கும் உந்திகள், பம்பிகள், கதவுகள், சாப்பாடு சூடாக்கும் அடுப்புகள். நடுத்தர விமானமொன்றில் ஆயிரம் அளவில் பாகங்களை எடுக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அட்டை கட்டி, பொதிந்து, தட்டுகளில் அடுக்குகிறார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. புதுப் பாகம் ஒன்றும் வராது. செத்த காரின் கியர் பெட்டி உயிருள்ள காருக்குப் போகும், அதுவும் படுத்தால் இரண்டின் மிச்சமும் மூன்றாவதுக்குப் போகும். அரியாலைக் கராஜ்களில் ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் நாலைந்து கார்கள் ஓடுகின்றன என்று அர்த்தம். "எங்கடை ஊரிலை இதைத்தானடா செய்தவை" என்றேன் மருமகனிடம். "ஓம் மாமா. ஆனா ஒண்டு வித்தியாசம். இஞ்சை கடதாசி இல்லாட்டி ஒரு ஆணிகூடப் போகாது" என்றான்.

அவன் சொன்னதன் முழு அளவும் பாகங்களை வைக்கும் களஞ்சியத்தின் அலுமாரிகளைப் பார்த்தபிறகுதான் விளங்கிற்று. கழற்றிய பாகங்களுக்குச் சமமாகக் கோப்புகளும் அங்கே இடம் பிடித்திருந்தன. ஒரு சில்லுக்காலை விற்க வேண்டுமென்றால், அது எங்கே எப்போது உருவானது, எந்த விமானத்தில் பூட்டினார்கள், எத்தனை தடவை நிலத்தைத் தொட்டது, எப்போது எந்தப் பட்டறையில் பிரித்துச் செப்பனிட்டார்கள், யார் கையொப்பமிட்டார் என்பதெல்லாம் பிறந்த நாளிலிருந்து இடைவெளியின்றி இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகளுக்கு ஆயுளே தடவைக் கணக்கில்தான். இத்தனை ஆயிரம் பறப்பு முடிந்தால், ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் கழற்றி எறிய வேண்டும். இடையில் ஒரு தாள் தவறிவிட்டால் அந்தத் தட்டுக்கு எத்தனை பறப்பு மிச்சமிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. பளபளக்கிற, குறையற்ற, பெருவிலை பெறக்கூடிய அந்த உலோகம் அந்தக் கணமே பழைய இரும்பு விலைக்கு இறங்கிவிடும்.

இது அதிகாரிகளின் வீண் பிடிவாதம் அல்ல. 1989 செப்டம்பரில் டென்மார்க் கடற்கரைக்கு அப்பால் பார்ட்னெயார் என்ற நோர்வே நிறுவனத்தின் விமானம் விழுந்து 55 பேரும் இறந்தார்கள். வாலைப் பிடித்திருந்த போலியான ஆணிகளே அதற்கு ஒரு காரணம் என்று விசாரணை கண்டது. 2023இல் லண்டனை முகவரியாகக் கொண்ட ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற நிறுவனம், 737லும் ஏ320லும் பரவலாக ஓடும் சிஎஃப்எம்56 எஞ்சின்களுக்குப் பொய்ப் பத்திரங்களோடு பாகங்கள் விற்றது வெளியானபோது, பல நாட்டு விமானங்களை நிறுத்தி வைத்து எஞ்சின்களைத் திறந்து தேடினார்கள். பாகத்தைப் பார்த்தால் தெரியாது. பத்திரம் மெய்யாக இருந்தால்தான் பாகமும் மெய்.

எனக்கு 1995 ஒக்ரோபர் 30 இரவு மனதில் எழுந்தது. போர் நெருங்க, வலிகாமமும் யாழ் நகரமும் ஒரே இரவில் எழும்பி, மழைக்குள்ளால், எங்கள் அரியாலை வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. சட்டி பானையை விட்டவர்கள்கூட ஒரு பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு. அந்தப் பை தண்ணீரில் போனவர்கள் பிறகு ஒவ்வொரு கந்தோர் வாசலிலும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும், கடல் தாண்டிப் போய் அகதியாகக் கேட்டுநின்ற நாட்டிலும், தாங்கள் யார் என்பதை நிறுவப் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். குறையில்லாத மனிதர்கள். தாள் இல்லை. கிளொஸ்டஷயரில் ஒரு களஞ்சியத்தில் நின்றுகொண்டு, இரும்புத் துண்டு ஒன்றின் பிறப்புச் சான்றிதழை அவர்கள் எவ்வளவு பக்குவமாகப் பிளாஸ்டிக் உறையில் போடுகிறார்கள் என்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உலோகத்துக்குக் காட்டும் இந்தக் கவனம் சரியானது. மனிதருக்கும் இது கிடைத்திருக்க வேண்டும்.

மிச்ச உடம்புக்கு வருவோம். எடுக்க வேண்டியவை எல்லாம் எடுத்தபின் நிற்பது ஒரு கூடு. போயிங் 747-400 ஒன்றில் 66 தொன் அளவுக்கு உயர்தர அலுமினியம் இருக்கிறது. அதன் மின்கம்பிகளை நீட்டினால் 274 கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போய்த் திரும்புகிற தூரம் கிட்டத்தட்ட. அறுபது இலட்சம் பாகங்கள் சேர்ந்தது அந்த விமானம், அதில் பாதி ஆணிகளும் மறைகளும்தான். கட்டுவதற்கு அவ்வளவு கைகள் தேவைப்பட்டதை, நண்டுக்கால்போலக் கத்தரி பூட்டிய மண்வெட்டி இயந்திரம் ஒன்று சில நாட்களில் துண்டாக்கிவிடுகிறது. நான் பார்த்தபோது அது ஒரு வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. சத்தம் காதைக் குத்தியது. கூரைத் தகட்டுக்குள்ளிருந்து மஞ்சள் பஞ்சு காற்றில் பறந்தது. சாமான் வைக்கும் பெட்டிகளின் கதவுகள் திறந்து திறந்து மூடின.

அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்குத் தேவைப்படும் சக்தியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆகவே அது வீணாவதில்லை. ஆனால் விமான அலுமினியத்தில் ஓரிடத்தில் செம்பும் இன்னோரிடத்தில் நாகமும் கலந்திருக்கும். பிரிக்காமல் சேர்த்து உருக்கினால் அது திரும்ப விமானமாக முடியாது. கார்ப் பாகமாகவோ வேறொன்றாகவோதான் பிறக்கும். எயார்பஸ் நிறுவனம் பிரான்சின் தார்ப் நகரில் 2006ஐ ஒட்டி ஏ300 ஒன்றைப் பரீட்சார்த்தமாகப் பிரித்து, எடையில் 85 வீதத்தை மீட்கலாம் என்று காட்டியது. மீதியில் பெரும்பகுதி நாங்கள் தொட்டுப் பழகிய உட்புறம்: சுவர்ப் பலகைகள், கம்பளங்கள், கதிரைப் பஞ்சு. அவை மண்ணுக்குள்தான் போகின்றன.

அடுத்த தலைமுறைக்கு இந்த வழியும் சிக்கலாகப் போகிறது. போயிங் 787இன் எடையில் பாதி காபன் இழை. அதை உருக்க முடியாது. 2023இல் ஸ்கொட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் பத்து வயதளவான இரண்டு 787களை முதன்முதலாகப் பிரித்தார்கள். பறக்கக்கூடியவை. ஆனால் முழுதாக விற்பதைக் காட்டிலும் பிரித்து விற்பது இலாபம். இதற்கு முன்பே, 2007இல் உலகின் முதல் ஏ380 ஆகப் பயணிகளை ஏற்றிச் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் போன விமானம், பத்து வருடச் சேவைக்குப் பின் தார்ப் நகருக்கு வந்து துண்டுகளானது. அந்தளவு பெரிய விமானத்தை இரண்டாவது கையாக வாங்க ஆள் வரவில்லை.

கெம்பிளில் எல்லாமே துண்டாவதும் இல்லை. 2020 ஜூலையில், நோய்த்தொற்றால் வானம் வெறிச்சோடிக் கிடந்தபோது, பிரிட்டிஷ் எயார்வேஸ் தன் 31 ஜம்போ 747 விமானங்களுக்கும் ஒரேயடியாக ஓய்வு கொடுப்பதாக அறிவித்தது. அவற்றில் ஒன்று இங்கே முழுதாக நிற்கிறது, எழுபதுகளின் பழைய வண்ணத்தில். 1994 பெப்ரவரியில் சேவைக்கு வந்து, 13,000 தடவைக்கு மேல் பறந்து, 118,000 மணித்தியாலத்துக்கு மேல் வானத்தில் இருந்தது. கணக்குப் பார்த்தேன்: பதின்மூன்று வருடங்களுக்கு மேல் நிலத்தைத் தொடாமல் இருந்ததற்குச் சமம். விமான நிலையத்தார் அதை ஒரு பவுணுக்கு வாங்கி, ஐந்து இலட்சம் பவுண் அளவு செலவழித்துத் திருத்தி, கொண்டாட்ட மண்டபமாக வாடகைக்கு விடுகிறார்கள். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். சில்லுகள் மட்டுமே பதினெட்டு. இது ஒருகாலத்தில் மேலே எழும்பியது என்பதை நம்பக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் பக்கத்திலும் இப்படியானவை உண்டு. 2022 நவம்பரில், கொச்சியிலிருந்து ஐதராபாத்துக்கு உணவகமாக மாறப் போன பழைய ஏ320 ஒன்று, ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில் ஒரு பாலத்துக்குக் கீழே இறுகி நின்று ஊரே கூடிப் பார்த்தது. கொல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையில், எயார் இந்தியாவின் ஏட்டிலிருந்தே நழுவிப்போன போயிங் 737-200 ஒன்று பதின்மூன்று வருடமளவில் நின்றுகிடந்து, 2025 கடைசியில்தான் அகற்றப்பட்டது. 43 வயதான அந்த விமானம் வீதி வழியே பெங்களூருக்குப் போனது, பொறியியல் பயில்வோர் கைபழகுவதற்காக.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் திரும்பும் ரயிலில் மருமகன் தன் கதையைச் சொன்னான். அவன் படித்த கல்லூரியின் பின்வளவில் ஓய்வுபெற்ற சின்னப் பயணிகள் விமானம் ஒன்று நின்றதாம். இனிப் பறக்காது என்பதால் பயமில்லாமல் தொட விட்டார்கள். "அதிலைதான் மாமா முதல் ஆணி கழட்டினனான். கழட்டினதை எழுதி, திருப்பிப் பூட்டி, அதையும் எழுதி. ஆயிரம் தரம். புத்தகத்திலை படிச்சு இந்தக் கை வராது" என்றான்.

இந்தக் கை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வரலாம். பலாலி 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணிகளோடு விமானம் வந்து இறங்கியது. யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பிரிக்கப்படும் விமானம் ஒன்றின் முன்பகுதியோ, ஒரு சில்லுக்காலோ, பறக்கும் ஆயுள் முடிந்த ஒரு எஞ்சினோ அங்கே வந்து நின்றால், அது பறக்க வேண்டியதில்லை, பத்திரமும் வேண்டியதில்லை, பழைய இரும்பு விலைதான். ஹீத்ரோவிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் மெல்பேணிலும் விமானத் தொழிலில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் கணினிக்கும் காசு சேர்ப்பதைப்போல, இதற்கும் ஒருமுறை சேருங்கள். உங்கள் வேலைத்தளத்தில் அடுத்த தடவை ஒரு பாகத்தின் ஆயுள் முடிந்து அதில் சிவப்பு அட்டை தொங்கும்போது, உருக்கப் போடுவதற்கு முன் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள்: இதை யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பறைக்குத் தருவீர்களா என்று.